வரப்பில் நின்று கொக்கு பார்ப்பது எப்படி?

பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் வழியாகக் கொல்லங்கோடு வரும் பஸ்ஸில் இடதுபக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். முதலமடையைத் தாண்டி மாந்தோப்புகள் குறைந்ததும் வயல் வந்துவிடும். பின்னால் நெல்லியாம்பதி மலை, வரப்பு நெடுகப் பனைமரம், பச்சைக்கு நடுவே அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். "எவ்வளவு கொக்கு பாரு" என்று யாராவது சொல்வார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று நான்கு வகைப் பறவைகள் இருக்கும். யார் கண்ணிலும் படாமல், மண்ணோடு மண்ணாக வரப்போரம் இன்னொன்றும் நின்றுகொண்டிருக்கும்.

நான் இந்தப் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்துக்காரன். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், வயலில் இரண்டும். புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்களைக் கொக்கிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். தேன்சிட்டைப் பார்க்கப் போனால் நீங்கள் பைனாகுலரைத் தூக்குவதற்குள் அது அடுத்த தோட்டத்தில் இருக்கும். கொக்கு அப்படியில்லை. பெரிய உடம்பு, நிதானமான நடை, ஒரே இடத்தில் அரைமணி நேரம் நிற்கும் பொறுமை. உங்கள் கண் பழகும்வரை அது காத்திருக்கும்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தைக் கடைசியில் பாருங்கள். கொக்குக் குடும்பத்தில் நிறம் வயதுக்கு ஒன்று, பருவத்துக்கு ஒன்று என்று மாறும். மஞ்சளாக இருந்த அலகு சில மாதத்தில் கறுப்பாகிவிடும். பழுப்புப் பறவை பறக்கும்போது வெள்ளையாகிவிடும். கால், அலகு, கழுத்து, நிற்கும் இடம் இந்த நான்கையும் பார்த்துவிட்டு அப்புறம் நிறத்துக்கு வந்தால் குழப்பம் பாதியாகக் குறைந்துவிடும்.

கையில் என்ன வேண்டும்

அதிகம் வேண்டாம். எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் கண்ணாடி கொண்ட பைனாகுலர் போதும். அதைவிடப் பெரிதாக்குவது கையில் ஆடும். ஒரு சின்ன நோட்டு, பென்சில், தொப்பி. சட்டை மண் நிறமாகவோ இலை நிறமாகவோ இருந்தால் நல்லது. காலை ஆறரை மணிக்கு வரப்பில் இருங்கள், ஒன்பது மணிக்குமேல் வெயிலில் காற்றே அலைபாய ஆரம்பித்து அலகின் நுனி தெரியாது. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். புதிதாகக் கட்டிய வரப்பில் கால் வைத்தால் அது சரிந்து தண்ணீர் போய்விடும். ஓரமாக, நடந்து பழகிய வரப்பிலேயே போங்கள்.

முதலில் கழுத்து

வயலில் வெள்ளையாக நிற்பதெல்லாம் கொக்கு இல்லை. முதலில் வேறு குடும்பத்துப் பறவைகளைப் பிரித்துவிட வேண்டும். இதற்கு ஒரு நல்ல வழி, அது பறக்கும்வரை பொறுத்திருப்பது. கொக்கும், பின்னால் நான் சொல்லப்போகும் அதே குடும்பத்துக் குருகு, சாம்பல் நாரை, வக்காவும் எழும்பியதும் கழுத்தை மடக்கி, தோளுக்குள் தலையை இழுத்துக்கொண்டு பறக்கும். நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கழுத்தை நேராக நீட்டிக்கொண்டு பறக்கும். எழும்பின முதல் சில அடிகளில் கொக்கும் கழுத்தை நீட்டித்தான் இருக்கும். ஆகவே பத்து எண்ணிவிட்டுப் பாருங்கள்.

இந்த மடிப்புக்குக் காரணம் எலும்பு. கொக்கின் கழுத்தில் 20, 21 எலும்புகள் உண்டு. அதில் ஆறாவது எலும்பின் அமைப்பே வேறு மாதிரி. அந்த இடத்தில்தான் கழுத்து கொக்கி போல முறிந்து நிற்கிறது. மடக்கி வைத்த கழுத்தை அது சட்டென்று நீட்டுவதால்தான் மீன் தப்புவதில்லை.

உட்கார்ந்திருக்கும்போதே பிரிக்கவும் வழி உண்டு. அரிவாள் மூக்கனுக்கு வெள்ளை உடம்பு, மொட்டையான கறுப்புத் தலை, கீழ்நோக்கி வளைந்த அலகு. நத்தைகுத்திக்கு அலகின் நடுவில் ஒரு இடைவெளி, மூடினாலும் வெளிச்சம் தெரியும். இரண்டையும் ஒரு தடவை சரியாகப் பார்த்துவிட்டால் பிறகு மாறிப்போகாது.

பெயர் குழப்பம், எல்லைக்காரர்களுக்கு மட்டும்

தமிழில் நாரை என்றால் அது கொக்குக் குடும்பத்துச் சாம்பல் நாரையாகவும் இருக்கலாம், வேறு குடும்பத்து நத்தைகுத்தி நாரையாகவும் இருக்கலாம். பெயரை வைத்து உறவு கண்டுபிடிக்கப் போகாதீர்கள்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் சின்னக் கொக்கு என்றால் மஞ்சள் பாதம் கொண்ட வெள்ளைக்கொக்கு. மலையாளத்தில் அதே பெயர், சின்னக்கொக்கு, வாய்க்கால் நிழலில் பதுங்கும் கரும்பச்சைப் பறவைக்கு. அதைத் தமிழில் தோசிக்கொக்கு என்போம். மலையாளத்தில் பெரும்பாலான வெள்ளைக்கொக்குகளுக்கு முண்டி என்று பெயர்: சின்னமுண்டி, செறுமுண்டி, பெருமுண்டி, காலிமுண்டி. கொல்லங்கோட்டு நண்பரும் நானும் சேர்ந்து எண்ணிய முதல் வருடம், அவர் "சின்னக்கொக்கு மூணு" என்றதை நான் என் கணக்கில் வெள்ளைக்கொக்காக எழுதிவைத்தேன். அன்றிலிருந்து எந்த மொழிப் பெயர் என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்கிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். நம் பாலக்காட்டுக் காவசேரியில் 1923-இல் பிறந்த கே.கே. நீலகண்டன், இந்துசூடன் என்ற பெயரில் எழுதி ஒரு தலைமுறை மலையாளிகளுக்குப் பறவை பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அந்த வழியில் வந்தவர்கள் இங்கே நிறையப் பேர். அவர்களோடு சேர்ந்து நடக்க இரண்டு மொழிப் பெயரும் தெரிந்திருப்பது பெரிய வசதி.

மடையானோடு ஒரு வாரம்

வெள்ளைக்கொக்குகளுக்குப் போகுமுன் ஒரு வாரம் மடையானை மட்டும் பாருங்கள். மடை என்றால் தண்ணீர் பாயும் வாய். அந்த வாயோரம் நிற்பவன் மடையான். குருட்டுக்கொக்கு என்றும் சொல்வார்கள். பக்கத்தில் போகும்வரை அசையாமல் நிற்பதால் அதற்குக் கண் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள். ஆந்திரப் பக்கம் தெலுங்கிலும் குட்டிக் கொங்க, அதாவது குருட்டுக்கொக்கு என்றுதான் பெயர். மலையாளத்தில் குளக்கொக்கு.

சுமார் 45 சென்டிமீட்டர் நீளம். தலையும் கழுத்தும் மார்பும் பழுப்புக் கோடுகள், முதுகு மண் நிறம், கால் மங்கிய பசுமஞ்சள். காய்ந்த சேற்றுக் கட்டிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. எழும்பியதும் இரண்டு சிறகும் வாலும் பளீர் வெள்ளை. என் அம்மிச்சி சொல்வாள்: "பறந்தாத்தான் கண்ணு அது கொக்கு, உக்காந்துட்டா மண்ணாங்கட்டி." இதைவிடச் சரியான விளக்கம் எனக்குத் தெரியாது.

எங்கள் மதகுக்குப் பக்கத்தில் ஒரு மடையான் உண்டு. போன ஐப்பசியில், இரண்டாம் போகத்துக்கு நடவு முடிந்திருந்த சமயம், அதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். முதல் கால்மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. கழுத்து தோளுக்குள், அலகு தண்ணீருக்கு இணையாக. அப்புறம் ஒரு காலைத் தூக்கியது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, தண்ணீரில் ஒரு வட்டம்கூட எழும்பாமல் முன்னால் வைத்தது. பிறகு மறுபடி நின்றது. கழுத்து மட்டும், கயிறு இறங்குவது போல, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நீண்டது. தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்தது. நான் இமைத்தேனோ என்னவோ, அடுத்து பார்க்கும்போது அலகின் குறுக்கே ஒரு தவளைக் குஞ்சு. இரண்டு முறை தூக்கிப்போட்டுப் பிடித்துத் தலைப்பக்கமாக விழுங்கியது. அதன்பின் தண்ணீரில் அலகை நனைத்துக்கொண்டு பழைய இடத்துக்கே வந்து நின்றது. அந்த மணி நேரத்தில் ஏழு குத்து, நான்கு பிடி.

நீங்களும் இப்படி எண்ணுங்கள். எத்தனை குத்து, எத்தனை பிடி, என்ன இரை. தண்ணீருக்குள் இருக்கும் மீன் நம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் உண்மையில் இருப்பதில்லை, ஒளி வளைவதால் தள்ளித் தெரியும். கொக்கு அந்த வித்தியாசத்தைத் திருத்திக்கொண்டுதான் குத்துகிறது. கண்கள் அலகுக்கு நேர் கீழே பார்க்கும்படி அமைந்திருப்பதும் அதற்கு உதவுகிறது. தலையை நிமிர்த்தியபடியே தன் கால்விரலருகில் போகும் நண்டை அதனால் பார்க்க முடியும்.

மழைக்காலத்தில் இதே மடையான் ஆளே மாறிவிடும். முதுகு அடர்ந்த அரக்குச் சிவப்பு, தலையிலிருந்து நீண்ட மெல்லிய இறகுகள், சிலவற்றுக்குக் காலும் சிவந்துவிடும். புதிய பறவை ஏதோ வந்துவிட்டது என்று பலர் போட்டோ அனுப்பிக் கேட்பார்கள். பறக்கட்டும், சிறகு வெள்ளையா என்று பாருங்கள், அவ்வளவுதான்.

நான்கு வெள்ளைகள்

இப்போது வெள்ளைக்கு வரலாம். இங்கேதான் புதியவர்கள் சோர்ந்துபோகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

டிராக்டருக்குப் பின்னால் கூட்டமாக நடப்பது உண்ணிக்கொக்கு. மலையாளத்தில் காலிமுண்டி. காலி என்றால் மாடு. நான்கிலும் குட்டை, சுமார் 50 சென்டிமீட்டர். அலகு குட்டையாக, மஞ்சளாக இருக்கும். தாடைக்குக் கீழே இறகு கொஞ்சம் முன்வரை வந்திருப்பதால் கன்னம் உப்பியது போல் தெரியும். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் தலை முன்னும் பின்னும் போய்வரும். இது மற்ற மூன்றையும் போலத் தண்ணீரை நம்பி இருப்பதில்லை. மாடு மேயும்போது கிளம்பும் வெட்டுக்கிளியும் தத்துக்கிளியும்தான் அதற்குச் சாப்பாடு. உண்ணி என்று பெயர் இருந்தாலும், மாட்டின் மேலிருந்து உண்ணி பொறுக்குவது அதன் சாப்பாட்டில் சிறு பங்குதான். மாடுகள் குறைந்ததும் அது டிராக்டருக்கு மாறிக்கொண்டது. உழும்போது கொழுமுனை புரட்டிப் போடும் மண்ணுக்கு இரண்டடி பின்னால், சத்தத்துக்குப் பயப்படாமல் வரும். ஆனியில் நடவுக்கு முன்னே சேறு அடிக்கும் வயலுக்குப் போங்கள், ஒரே இடத்தில் ஐம்பது அறுபதைப் பார்க்கலாம். அந்தச் சமயம் அதன் தலையும் கழுத்தும் முதுகும் ஆரஞ்சுப் பழுப்பாகியிருக்கும். நம் நாட்டு உண்ணிக்கொக்கை இப்போது ஆப்பிரிக்க, ஐரோப்பிய உண்ணிக்கொக்கிலிருந்து தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். அதன் அறிவியல் பெயரில் இருக்கும் கொரொமாண்டா என்பது நம் சோழமண்டலக் கடற்கரையின் பெயர்.

அடுத்தது சின்னக் கொக்கு. சுமார் 60 சென்டிமீட்டர், ஒல்லி. அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். மஞ்சள் சாக்ஸ் போட்டது போல என்று குழந்தைகளுக்குச் சொல்வேன், அவர்கள் மறப்பதே இல்லை. சேற்றில் நின்றால் பாதம் தெரியாது, அது பறக்கும்போது பின்னால் நீட்டிய காலைப் பாருங்கள். நடத்தையிலும் அடையாளம் உண்டு. மற்றவை நின்று பிடிக்கும், இது ஓடும், சிறகை விரிக்கும், ஒரு காலை முன்னால் நீட்டிச் சேற்றை நடுக்கத்தோடு கலக்கும். மஞ்சள் பாதம் ஆடுவதைக் கண்டு மிரண்டு ஓடும் மீன்தான் அதன் இரை.

மூன்றாவதும் நான்காவதும் வெள்ளைக்கொக்கும் பெரிய கொக்கும். இனி வெள்ளைக்கொக்கு என்று நான் சொல்வது பொதுப்பெயர் இல்லை, இந்த ஒரு இனத்தின் பெயர். இரண்டுக்கும் கறுப்புக் கால், கறுப்புப் பாதம், மஞ்சள் அலகு. உருவத்தில் பெரியதுதான் பெரிய கொக்கு, ஏறக்குறைய ஒரு மீட்டர். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தனியாக ஒன்று தூரத்தில் நிற்கும்போது அளவை நம்ப முடியாது. அப்போது செய்ய வேண்டியது இது. பைனாகுலரில் வாயின் கோட்டைப் பிடியுங்கள். அலகு பிரியும் இடத்திலிருந்து கண்ணுக்குக் கீழே ஒரு மெல்லிய கோடு போகும். அது கண்ணுக்கு நேர் கீழே முடிந்தால் வெள்ளைக்கொக்கு. கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. அதோடு பெரிய கொக்கின் கழுத்தில் நடுவே ஒரு முறிவு இருக்கும், ஒடிந்து ஒட்டியது போல. தலை நீண்டு சப்பையாகத் தெரியும். வெள்ளைக்கொக்கின் தலை உருண்டை, அலகு குட்டை, கழுத்து ஒரே சீராக வளையும்.

வாய்க்கோட்டைப் பிடிக்கப் பழகுவதற்கு எனக்கு ஒரு பருவம் முழுக்கத் தேவைப்பட்டது. உங்களுக்கும் ஆகலாம். அதுவரை நோட்டில் "வெள்ளைக்கொக்கு அல்லது பெரிய கொக்கு" என்று எழுதுங்கள். சந்தேகத்தை அப்படியே எழுதிய குறிப்பு பின்னால் உதவும். அடித்துச்சொல்லித் தவறாக எழுதியதை யாராலும் திருத்த முடியாது.

மழை வந்தால் என்ன மாறும்

இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் கொக்குகள் கூட்டுக்குத் தயாராகும். கேரளத்தில் ஜூன் முதல் செப்டம்பர்வரை கூடுகட்டும் காலம். தமிழ்நாட்டின் ஏரிப் பகுதிகளில் வடகிழக்கு மழைக்குப் பிறகு, மார்கழி தை மாதங்களில்தான் அது உச்சத்துக்கு வரும். எல்லையில் இருப்பவர்களுக்கு இது ஒரு கொடுப்பினை. ஒரே வருடத்தில் இரண்டு பருவத்தையும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடலாம்.

இந்த மாதங்களில் வெள்ளைக்கொக்கு, பெரிய கொக்கு இரண்டின் மஞ்சள் அலகும் கறுப்பாகிவிடும். கறுப்பு அலகைப் பார்த்ததும் சின்னக் கொக்கு என்று எழுதிவிடக் கூடாது, பாதத்தைப் பாருங்கள். பெரிய கொக்கின் கண்ணுக்கு முன்னால் இருக்கும் வெற்றுத்தோல் பசுநீலமாகும். சின்னக் கொக்கின் பிடரியில் இரண்டு நீள இறகு தொங்கும். மூன்றுக்கும் முதுகில் பனிப்புகை போல மெல்லிய இறகுகள் முளைக்கும்.

அந்த முதுகு இறகுகளுக்காக ஒரு காலத்தில் கொக்குகளைக் கொன்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் அணிந்த தொப்பிகளுக்கு இவை போயின. இறகு கூடுகட்டும் காலத்தில்தான் முளைக்கும் என்பதால், தாயைச் சுட்டதும் கூட்டிலிருந்த குஞ்சும் பட்டினியில் போகும். இந்தியாவிலிருந்து காட்டுப் பறவைகளின் இறகை ஏற்றுமதி செய்வதை 1902-இல் தடை செய்தார்கள். இன்று நம் வயலில் அவ்வளவு சாதாரணமாக நிற்கும் பறவையைப் பார்க்கும்போது எனக்கு இது ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

பெரிய நாரைகள் இரண்டு

மீன்கரை அணைக்கோ சுள்ளியாறு அணைக்கோ போனால் இவை இரண்டும் கிடைக்கும். தண்ணீர் வற்றிக் கரை அகலும் தை, மாசி மாதங்கள் நல்லது.

சாம்பல் நாரை திறந்த வெளியில் நிற்கும். சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, கண்ணுக்கு மேலே பின்னோக்கிப் போகும் கறுப்புப் பட்டை. ஒரு மீட்டர் உயரம் இருக்கும். செந்நாரை கோரைக்குள் நிற்கும். கழுத்து செம்பழுப்பு, அதில் நீளவாக்கில் கறுப்புக் கோடு. கழுத்தும் தலையும் ஒரே தடிமன், கோரைக்கு நடுவே நீட்டினால் பாம்பு எழுந்தது போலவே இருக்கும். பறக்கும்போது மடங்கிய கழுத்து கீழே கூர்மையாகப் புடைத்திருக்கும், கால்விரல்கள் அகலமாகத் தெரியும். தாமரை இலைமேல் நடக்க அந்த நீள விரல்தான் உதவுகிறது. செந்நாரையை நிறையப் பார்க்க ஆசை இருந்தால் திருச்சூர்க் கோள் நிலங்களுக்கு ஒரு நாள் போய்வாருங்கள். அது 2002-இல் வேம்பநாட்டு ஏரியோடு சேர்த்து, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற நிலம்.

இருட்டிய பிறகு

மாலை ஆறரை மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். மற்ற கொக்குகள் அடைய வரும் நேரத்தில் வக்கா வேலைக்குக் கிளம்பும். தலைக்கு மேலே "க்வாக்" என்று கரடுமுரடாக ஒரே ஒரு சத்தம் கேட்கும். பெயரே அந்தச் சத்தம்தான். மலையாளத்தில் பாதிராக்கொக்கு, நடுச்சாமத்துக் கொக்கு. பகலில் பார்க்க வேண்டுமானால் குளக்கரைப் புளியமரத்திலோ ஆலமரத்திலோ இலைக்கு நடுவே தேடுங்கள். கழுத்தே இல்லாதது போலக் குந்தியிருக்கும். உச்சியும் முதுகும் கறுப்பு, சிறகு சாம்பல், கண் இரத்தச் சிவப்பு.

வக்காவின் குஞ்சு வளர்ந்த பருவத்தில் பழுப்பாக இருக்கும். அதைக் குருகு என்று நான் இரண்டு வருடம் எழுதிவந்தேன். பிறகு ஒருநாள் வாளையாறு பக்கம் ஒரு குளத்தில் காலை வெளிச்சத்தில் பக்கத்தில் பார்த்தேன். சிறகெங்கும் வெள்ளைச் சொட்டுகள், மையைத் தொட்டுத் தெளித்தது போல. மடையானும் பழுப்புதான், ஆனால் அதற்குக் கோடு உண்டு, சொட்டு கிடையாது. பழைய நோட்டுகளை எடுத்து எல்லாவற்றையும் திருத்தினேன். நீங்கள் சொட்டைத் தேடுங்கள்.

ஒளிந்திருப்பவை

தோசிக்கொக்கு மடையான் அளவுதான். கரும்பச்சைச் சாம்பல், கறுப்பு உச்சி. நிழல் விழும் வாய்க்கால் கரையில், தாழைப் புதருக்குக் கீழே, தனியாக நிற்கும். தூண்டில் போடும் பறவை என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. ஜப்பானில் குமமோட்டோ நகரத்துப் பூங்காவில், பூச்சியையும் குச்சியையும் தண்ணீரில் போட்டு மீனை வரவழைத்துப் பிடிப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நம் ஊரில் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை, பார்க்க ஆசை உண்டு.

குருகுகள் மூன்று: மஞ்சள் குருகு, செங்குருகு, கருங்குருகு. மூன்றும் கோரைக்குள்ளும் வளர்ந்த நெல்லுக்குள்ளும் வாழும். ஆள் வந்தால் பறக்காது. அலகை வானத்துக்கு நேராக நிமிர்த்தி, உடம்பை ஒல்லியாக்கி, கோரை போலவே நிற்கும். செங்குருகின் ஆண் முழுக்க இலவங்கப்பட்டை நிறம். அதன் மலையாளப் பெயர் மழக்கொச்ச. மழைக்காலத்தில்தான் வெளியே வரும், கூவும். ஆவணியில் கதிர் பிடிக்கும் வயலில் காலை ஏழு மணிக்குள் வரப்பில் அசையாமல் நில்லுங்கள். நெல்லுக்கு மேலே ஒரு செம்பழுப்பு எழும்பி, முப்பது அடி பறந்து, திரும்ப உள்ளே விழும். அவ்வளவுதான் காட்சி. எழும்பிய இடத்தைத் தேடிப் போய் நெல்லை மிதிக்காதீர்கள். விழுந்த இடத்துக்கு எதிரே போய் நின்றால் சில சமயம் வரப்பு ஓரத்துக்கு நடந்தே வரும்.

கடல் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. நம் சித்தூர்ப்புழையின் தண்ணீர் பாரதப்புழையில் கலந்து பொன்னானியில் கடலைச் சேர்கிறது. அந்தக் கழிமுகத்தில் கரைக்கொக்கு உண்டு, மலையாளத்தில் திரமுண்டி. சின்னக் கொக்கின் உருவம், ஆனால் உடம்பு கருஞ்சாம்பல், தொண்டை வெள்ளை. முழு வெள்ளையாகவும் சில இருக்கும், அலகு சற்றுத் தடித்துப் பழுப்பு மஞ்சளாக இருப்பதை வைத்துப் பிரிக்க வேண்டும். முதல் வருடமே இதற்கு மெனக்கெட வேண்டாம்.

கூட்டு மரத்தடியில்

கொக்குகள் கூட்டமாகக் கூடு கட்டும். ஒரே மரத்தில் சின்னக் கொக்கு, மடையான், வக்கா, நீர்க்காகம் எல்லாம் சேர்ந்திருக்கும். கேரளத்தில் ஊர் நடுவே, சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களிலும் கட்டுகின்றன. எச்சமும் மீன் நாற்றமும் இருக்கும், கீழே கடை வைத்திருப்பவர்களின் கஷ்டம் உண்மையானது. அவர்களிடம் மரியாதையாகப் பேசுங்கள். மரத்துக்கு நேர் கீழே நிற்காமல் சாலையின் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். கல் எறிந்து பறக்கவைத்துப் போட்டோ எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரியவை பதறி எழும்பும்போது குஞ்சு கிளையிலிருந்து விழும், இல்லையென்றால் காக்கை வந்து முட்டையைத் தூக்கும். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி இவற்றைப் பிடிப்பதும் கொல்வதும் கூட்டைக் கலைப்பதும் குற்றம். விழுந்த குஞ்சைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சோறு ஊட்டாதீர்கள்.

நோட்டில் எழுதுவது

பார்த்த அன்றே எழுதுங்கள். தேதி, நேரம், இடம், வயலின் நிலை (உழவு, நடவு, பால் பிடித்த கதிர், அறுவடை), இனம், எண்ணிக்கை, என்ன செய்தது. வயலின் நிலையை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு வருடம் முடிந்ததும் புரட்டிப் பார்த்தால் சேற்றுழவுக்கு உண்ணிக்கொக்கு, நடவுக்கு மடையான், கதிர் உயர்ந்தால் செங்குருகு என்று உங்கள் ஊரின் வரிசை தானாகத் தெரியும்.

அப்புறம் அதை ஈபேர்ட் என்ற பறவைக் கணக்கு இணையதளத்தில் ஏற்றுங்கள். பொங்கலுக்குத் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, ஓணத்துக்குக் கேரளத்தில். இரண்டு பண்டிகையும் கொண்டாடும் வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. இரண்டு கணக்கிலும் சேரலாம். கால்மணி நேரம் எண்ணினால் போதும்.

முதல் நாள் உங்கள் பக்கம் எப்படி இருக்கலாம் என்பதற்கு என் நோட்டிலிருந்து ஒன்று: "புரட்டாசி, ஞாயிறு, காலை 6.40. மதகுக்குக் கிழக்கே, அறுத்த வயல், கணுக்கால் தண்ணீர். உண்ணிக்கொக்கு 23, அறுவடை மிஷினுக்குப் பின்னால். சின்னக் கொக்கு 4, ஒன்று காலால் கலக்கியது. மடையான் 6, எழும்பிய பிறகுதான் தெரிந்தது. பெரிய கொக்கு 1, வாய்க்கோடு கண்ணைத் தாண்டியது. வெள்ளைக்கொக்கு அல்லது பெரிய கொக்கு 2, தூரம்."

தூரத்தில் நின்ற அந்த இரண்டும் அடுத்த ஞாயிறு கொஞ்சம் பக்கத்தில் வரலாம்.